அக்காவுக்குப் பரிசளிக்க ஒரு நல்ல காதல் நாவல் சொல்லுங்கள். அவருடைய ரசனை என்னவென்று எனக்குத் தெரியாது.

ரசனை தெரியாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியிருந்தும் எனக்கு முன்னால் பதில் எழுதிய ஏழெட்டுப் பேர் பொன்னியின் செல்வன் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். உங்கள் அக்கா ஒன்று ஐந்து பாகத்தையும் ஏற்கெனவே படித்திருப்பார், இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் படிப்பதில்லை என்று முடிவு கட்டியிருப்பார். நடுவில் நிற்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் வேலூர் சைதாப்பேட்டையில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தவன். சென்னைக்காரர்கள் குழம்ப வேண்டாம், எங்களுக்கும் ஒரு சைதாப்பேட்டை உண்டு. வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த 1989இல் ஆரம்பித்து 2008 வரை நடத்தினேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மூன்று பக்கமும் பலகை. டெபாசிட் ஐம்பது ரூபாய், வாடகை புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு, மூன்று நாள் கெடு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், அவர்கள் எடுத்ததில் முக்கால்வாசி காதல் நாவல். "அண்ணா, முடிவு நல்லாருக்குமா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் படித்திருக்க வேண்டும். படித்தேன். பெரிய மீசை வைத்த ஆள் கல்லாவில் உட்கார்ந்து ரமணிசந்திரன் படிக்கிறான் என்று எதிரே இருந்த டீக்கடையில் ரொம்ப நாள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மளிகைக் கடைக்காரன் பருப்பை வாயில் போட்டுப் பார்ப்பதில்லையா?

இப்போதே யாராவது வந்து "ரமணிசந்திரன் எல்லாம் இலக்கியமா?" என்று கேட்பார்கள். ஐயா, இலக்கியம் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்டவரும் இலக்கியம் கேட்கவில்லை. தி.ஜானகிராமனையும் படித்தவன்தான் நான், அந்தக் கதையும் கீழே வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். "என்ன மாதிரி கதை பிடிக்கும்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நல்ல கதையா இருக்கணும்." எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடினார், எந்த இடத்தில் மூடினார் என்று கண்டுபிடியுங்கள். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இது எனக்கு 1997 கோடையில்தான் உறைத்தது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், மதியம் ஒரு மணிக்குக் கடைக்கு ஈ கூட வராது. அப்படி ஒரு மதியம் போளூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் தோளில் துண்டோடு வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும்.

"சார், எங்க வூட்ல ஆஸ்பத்திரியில இருக்காங்க. இடுப்புல ஆபரேஷன். ஒரு மாசம் படுத்தே கெடக்கணுமாம். கதைப் பொஸ்தகம் கேக்கறாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "லவ்வு கதை" என்றார்.

காந்தி ரோட்டில் லாட்ஜ் எடுத்து நோயாளியோடு தங்குகிறவர்கள் என் கடைக்கு வருவது வழக்கம்தான். என்ன மாதிரி கதை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், மனைவி என்ன படிக்கிறார் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்றுதான் கவனித்திருந்தார்: "எந்தப் பொஸ்தகத்த எடுத்தாலும் கடைசிப் பக்கத்ததான் மொதல்ல பாப்பாங்க."

இதைக் கேட்டபோதே எனக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. படுத்திருப்பவருக்கு நிறைய நேரம் இருக்கிறது, நல்ல சரக்காகக் கொடுப்போம் என்று தி.ஜானகிராமனின் மோகமுள்ளை எடுத்துக் கொடுத்தேன். கும்பகோணம், சங்கீதம், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனா மீது பாபுவுக்கு வருகிற காதல், இதைவிட என்ன வேண்டும் என்று எனக்கு எண்ணம். மறுநாளே திரும்பி வந்தது. அறுபது பக்கத்துக்குள் ஒரு காலி மாத்திரைப் பட்டை செருகியிருந்தது. "அந்தப் பையன் யோசிச்சிகினே இருக்கானாம் சார்" என்றார்.

சரி, யோசிக்காத ஆளாகக் கொடுப்போம் என்று குறிஞ்சி மலரைக் கொடுத்தேன். அரவிந்தனும் பூரணியும் எத்தனை பேருக்குப் பிடித்த ஜோடி! அந்த நாவலைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் அரவிந்தன் கடைசியில் இறந்துபோவான். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள், அறுபது வருஷத்துக் கதை.) கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவர் எப்படியும் தெரிந்துகொண்டு மூடிவைத்திருப்பார். கெட்ட நேரம், என் பிரதியில் கடைசி இரண்டு தாள் எப்போதோ கிழிந்து போயிருந்தது. பார்க்க வழியில்லாமல் அந்தம்மா முதலிலிருந்து நேராகப் படித்திருக்கிறார்.

நாலாம் நாள் காலையில் நான் பூட்டைத் திறக்கும்போதே அவர் வந்து நின்றார். "இன்னா சார் நீங்க! இடுப்ப ஒடைச்சிகினு படுத்துகினு இருக்கறவங்களுக்கு அந்தப் பையன் செத்துட்டான்ற கதையா குடுப்பீங்க? ராத்திரி பூரா அழுவுறாங்க. நர்ஸம்மா வந்து வலியான்னு கேக்கறாங்க. இன்னான்னு சொல்றது?"

எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு பேப்பரைக் கொடுத்து, என்னவெல்லாம் வேண்டாம் என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள் என்றேன். என்ன வேண்டும் என்று கேட்காமல் என்ன வேண்டாம் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. சாயந்திரம் பதில் வந்தது. நான் கொடுத்த பேப்பரைத் தொலைத்துவிட்டு மெஸ் பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்:

"யாரும் சாகக் கூடாது. ஆஸ்பத்திரி வரக் கூடாது. சண்டை இருக்கலாம், அடி கூடாது. சமையல் வந்தால் நல்லது."

கடைசி வரிக்குக் காரணம் அவரே சொன்னார். அந்தம்மாவுக்கு அப்போது இட்லியும் கஞ்சியும்தான்.

கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? நீங்கள் தேடிப் பாருங்கள். நம் காதல் நாவல்களில் ஆஸ்பத்திரி இல்லாமல் ஜோடி சேருவதே கிடையாது. முறுக்கிக்கொண்டு திரிகிற நாயகன் கடைசி இருபது பக்கத்தில் கார் விபத்தில் அடிபடுவான். தலையில் கட்டோடு கிடப்பவன் பக்கத்தில் நாயகி உட்கார்ந்து அழுவாள், அப்போதுதான் அவனுக்குக் காதல் புரியும். அன்று ராத்திரி இருபத்துமூன்று புத்தகத்தைப் புரட்டினேன், விபத்தும் டிரிப்ஸும் இல்லாமல் தேறியது ஐந்து. அதிலும் இரண்டில் நாயகன் கை நீட்டுகிறான். அதற்கு முன்னால் அந்தக் கன்னத்து அறைகள் என் கண்ணில் பட்டதே இல்லை. படித்திருந்தேன், ஆனால் கடந்து போயிருக்கிறேன். 'பளார்' என்று ஒரு வரி, அடுத்த பாராவில் அவள் அவன் கஷ்டத்தைப் புரிந்துகொள்வாள். மிச்சம் மூன்று. மூன்றையும் கட்டிக் கொடுத்தேன், இரண்டு வாரத்துக்கு வந்தது.

அதற்கப்புறம்தான் வாசகிகள் வைக்கிற அடையாளங்களை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். ரமணிசந்திரன் நூற்றுக்கும் மேல் எழுதியிருக்கிறார். படித்ததா படிக்காததா என்று தலைப்பை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அதில் குறி போடுவார்கள். ஒருவர் 27ஆம் பக்க மூலையில் மூன்று கோலப்புள்ளி வைப்பார். இன்னொருவர் 50 என்ற எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போடுவார். கொசப்பேட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சர் சின்னதாகப் பூ வரைவார், முழுக்கப் படித்தால் பூ, பிடிக்காமல் விட்டால் வெறும் காம்பு. புத்தகத்தில் கிறுக்காதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தவன் நான்தான். காம்பைக் கண்டுபிடித்த பிறகு அந்த அட்டையைக் கழற்றிவிட்டேன். அவர் விட்ட எல்லாப் புத்தகத்திலும் நாயகி கல்யாணத்துக்காக வேலையை விட்டிருந்தாள். அடுத்த வாரம் லக்ஷ்மியைக் கொடுத்தேன். டாக்டர் திரிபுரசுந்தரி என்கிற லக்ஷ்மிதான், 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்ய அகாதமி வாங்கியவர். குடும்ப பாரத்தைத் தூக்கிச் சுமக்கிற பெண்களை அவர் நிறைய எழுதியிருக்கிறார். டீச்சர் வரிசையாகப் பூ போட்டுக்கொண்டே போனார்.

இன்னும் சில சொல்கிறேன். எல்லோருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முதலில் கல்யாணம் அப்புறம் காதல் என்கிற கதைக்கென்றே ஒரு கூட்டம் உண்டு, அவர்களுக்கு முப்பதாம் பக்கத்துக்குள் தாலி ஏறிவிட வேண்டும். கல்லூரிக் காதலைக் கொடுத்தால் கொட்டாவி விடுவார்கள். அழுதுகொண்டே படிக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். சிவகாமியின் சபதத்தில் சிவகாமிக்கும் நரசிம்மவர்மருக்கும் கல்யாணம் நடக்காது என்று தெரிந்தும் மூன்றாம் தடவை எடுத்துப் போன ஒரு பாட்டி இருந்தார். சுஜாதாவின் பிரிவோம் சந்திப்போம் அந்த ரகத்துக்குச் சரியாக வரும், பாபநாசத்தில் ரகுவும் மதுமிதாவும் பழகுகிற பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். மோகமுள்ளை மாத்திரைப் பட்டையோடு திருப்பித் தருகிற ரகத்துக்குப் பாலகுமாரனும் வேண்டாம், அவர் ஆட்கள் ரொம்பவே உள்ளுக்குள் பேசிக்கொள்வார்கள். சாண்டில்யனை ஆண்கள் சரித்திரம் என்று சொல்லி எடுத்துப் போவார்கள். திரும்பி வரும்போது எந்தப் பக்கங்கள் அழுக்கேறி வந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மு.வ. எங்கள் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர், வாலாஜா பக்கம் வேலம் அவருடைய ஊர். 1961இல் அகாதமி வாங்கிய அகல் விளக்கில் எங்கள் பாலாறு வருகிறது. அதற்காகவே எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கும். ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு மு.வ. புத்தகம் பரிசளிப்பது வழக்கமாக இருந்தது. ஆனால் காதல் நாவல் கேட்கிறவருக்கு அவரைக் கொடுக்காதீர்கள். காதலிக்கிறவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்திவிடுவார்.

அந்தப் போளூர்க்காரர் மனைவியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். இரண்டு மாதம் கழித்துச் செக்கப்புக்கு வந்தபோது ஒரு மஞ்சப்பை நிறைய மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கொண்டுவந்து வைத்தார். அவருடைய டெபாசிட் ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மறந்தே போயிருந்தார். நான் யார் டெபாசிட்டையும் வைத்துக்கொண்டதில்லை. இதை ஏன் சொல்கிறேனென்றால், 2008இல் கடையைக் காலி செய்தபோது கட்டட உரிமையாளர் என் அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரத்தில் ஆறாயிரத்தை வெள்ளையடிக்க என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சுவரை யார் பார்த்தார்கள்? மூன்று பக்கமும் பலகை, பலகை நிறையப் புத்தகம். சுவரில் ஒரு கீறல் கிடையாது. அடுத்து வந்த செல்போன் கடைக்காரர் தன் கைக்காசில் வெள்ளையடித்ததை நான் எதிர் டீக்கடையில் நின்று பார்த்தேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த ஆறாயிரம் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

சரி, உங்கள் அக்கா. நேரில் கேட்டால் பரிசு என்று தெரிந்துவிடுமே என்பீர்கள். கேட்க வேண்டாம், அவர் வீட்டு அலமாரிக்குப் போங்கள். அட்டை தேய்ந்த புத்தகங்களை விடுங்கள், முதல் கால்வாசி மட்டும் கசங்கி மிச்சம் புதிதாக இருக்கிற புத்தகத்தைத் தேடுங்கள். பஸ் டிக்கெட்டோ கொண்டை ஊசியோ நடுவில் மாட்டியிருந்தால் அந்தப் பக்கத்தையும் அதற்கு முன் நாலு பக்கத்தையும் படியுங்கள். போனில் தொடர்கதை படிக்கிறவராக இருந்தால் இன்னும் சுலபம், எந்தக் கதைக்கு அடுத்த எபி (அத்தியாயம்) எப்போது வரும் என்று கேட்பதை நிறுத்திவிட்டார் என்று பேச்சுவாக்கில் பிடித்துவிடலாம். அங்கேயும் இப்போது 'ஆன்டி ஹீரோ' என்று பெயர் மாற்றி அதே அறைதான் விழுகிறது, ஜாக்கிரதை. கண்டுபிடித்ததை எனக்கு எழுதுங்கள், என்ன வாங்கலாம் என்று சொல்கிறேன். புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் போடுங்கள். ரமணிசந்திரன் என்றால் தலைப்பு மட்டும் போதாது, கதாநாயகன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.