வணிகவியல் கற்பித்தலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யலாமா?

எம்.காம்., பி.எட். முடித்துவிட்டேன், வணிகவியலிலேயே முனைவர் பட்டம் செய்வதா, அதைக் கற்பிக்கும் முறையில் செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பறையில் உங்களை உறுத்திய கேள்வி ஒன்று இருந்தால் இரண்டாவதில் இறங்குங்கள்.

என் கேள்வி ஒரு பதினோராம் வகுப்பு நோட்டில் கிடைத்தது. அப்போது தமிழ்வழியில் கணக்குப்பதிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். சரக்கு விற்று ரொக்கம் பெற்றது ரூ.5,000. இதற்கு மளிகைக் கடைக்காரர் மகள் ஒருத்தி ரொக்கக் கணக்கை வரவு வைத்திருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன். "பணம் வந்திருக்கிறதே சார், அது வரவுதானே?" என்றாள். அவள் வீட்டுக் கணக்கில் அது வரவுதான். பாடநூலிலோ டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு என்று விதி. தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது தலைகீழாகக் கேட்கும்! ஆங்கிலவழி மாணவனுக்கு டெபிட் வெறும் பெயர், மனப்பாடம் செய்துவிடுகிறான். இதே தவறுக்கு எத்தனை நோட்டுகளில் 'கவனம் தேவை' என்று எழுதியிருப்பேன் என்று நினைத்து அன்றிரவு தூங்கவில்லை. அதுவே பின்னர் என் ஆய்வேடு ஆயிற்று.

அலைச்சல் உண்டு. வணிகவியல் துறையில் இது கல்வியியல் என்றார்கள், கல்வியியல் துறையில் இது கணக்கு என்றார்கள். நெறியாளர் கிடைக்கவே ஓராண்டு போயிற்று. ஜெர்மனியில் வணிகக் கல்வியியல் தனித்துறை. மன்ஹைம், கோட்டிங்கன் பல்கலைக்கழகங்களில் அதற்கெனப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பொருளியல் கற்பித்தலுக்கென்றே 1969 முதல் ஓர் ஆய்விதழ் வருகிறது.

இதெல்லாம் ஓர் ஆய்வா என்று யாராவது கேட்டால், பால் ஃபெராரோ, லாரா டெய்லர் இருவரும் 2005இல் செய்த ஆய்வைக் காட்டுங்கள். அமெரிக்கப் பொருளியலாளர்களின் ஆண்டு மாநாட்டில் 199 பேரிடம் வாய்ப்புச் செலவு (ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு) பற்றித் தொடக்கப் பாடக் கேள்வி ஒன்றை நான்கு விடைகளோடு கொடுத்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் 21.6 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலே 25 வந்திருக்கும். கற்றுக்கொடுப்பவர்களிடமே பிடிபடாத ஒன்று மாணவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

எம்.எட். சேர்ந்து கல்வியியலில் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு எழுதுங்கள். அத்தேர்வின் வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. (கிரீமி லேயர் அல்லாத) பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

அதற்கிடையில் எப்படியாவது ஒரு பள்ளியில் பாடம் நடத்துங்கள். விடைத்தாள்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வந்தால் மாணவர் பெயரை மறைத்துப் படியெடுத்து, தேதியும் வகுப்பும் குறித்து வையுங்கள். நான் அப்படிச் செய்யாததால் முதல் மூன்று ஆண்டுகளில் திருத்திய தாள்களில் ஒன்றுகூட என் ஆய்வுக்குக் கிடைக்கவில்லை.