முயல் புழுக்கையும் மண்புழுத் தொட்டியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் நான்கு முயல்கள் இருக்கின்றன. கூண்டுக்கு அடியில் சேர்ந்த எருவை வாரி மண்புழுத் தொட்டியில் அரை அடி உயரத்துக்குக் கொட்டினோம். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் புழுக்கள் சுவரேறி மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. பாதி செத்தே போயின. முயல் எரு சூடில்லாத எரு என்றல்லவா சொல்கிறார்கள்?
– வாசகி, தாராபுரம்

பதில்: சூடில்லை என்பது செடிக்குச் சொன்னது. கோழி எரு மாதிரி வேரைப் பொசுக்காது. உருண்டையாக இருப்பதால் சத்தும் மெல்லத்தான் கசியும். ஆனால் கூண்டுக்கு அடியில் கிடப்பது வெறும் புழுக்கை இல்லையே, மூத்திரத்தில் ஊறிய புழுக்கை. மூத்திரத்தில் இருக்கும் யூரியா சீக்கிரமே அம்மோனியாவாக மாறிவிடும். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அம்மோனியா அந்தத் தோலிலேயே படுகிறது. அதனால்தான் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சுவரேறியிருக்கிறது. போதாததற்கு, அரை அடிக்குக் குவித்தால் எந்த எருவும் நடுவில் வேகும். கையை நுழைத்துப் பாருங்கள், வெந்நீர்ப் பானையில் விட்டது போலச் சுடும். 35 டிகிரியைத் தாண்டினாலே புழு தாங்காது.

இப்போது உடனே செய்ய வேண்டியது: புது எரு முழுவதையும் வழித்து வெளியே எடுங்கள். தொட்டியின் ஒரு பாதியில் நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவைப் போட்டுவிட்டால், பிழைத்த புழுக்கள் தாமாகவே அங்கே போய்ச் சேரும். நாற்றம் போகட்டும் என்று தண்ணீரை மொண்டு ஊற்றாதீர்கள், இருக்கும் புழுவும் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

இனி மூத்திரத்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கூண்டுக்குக் கீழே ஒரு தகரத்தைச் சரிவாக வைத்து, அதன் ஓரத்தில் ஒரு வாளி. தகரத்துக்கு ஒரு சாண் மேலே கால் அங்குலக் கண் வலை ஒன்றைக் கட்டுங்கள். வளர்ந்த முயலின் புழுக்கை வலையில் நின்றுவிடும், மூத்திரம் தகரத்தில் இறங்கி வாளிக்குப் போய்விடும். அதையும் கொட்ட வேண்டாம். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து செடியின் தூரில், இலையில் படாமல் ஊற்றலாம்.

ஏற்கெனவே மூத்திரத்தில் ஊறிய புழுக்கையை ஒருமுறை அலசி வடித்து, நிழலில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கிளறி, இரண்டு வாரம் விடுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து மூக்கருகே கொண்டுபோனால் மண்வாசனை வர வேண்டும். மூக்கை உறுத்தினால் இன்னும் ஒரு வாரம். சோதனைக்கு ஒரு கொட்டாங்குச்சி அளவு எருவைத் தொட்டியின் மூலையில் வைத்துப் பாருங்கள். மறுநாள் புழு அதற்குள் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

கேள்வி: நாலு முயலுக்கு எவ்வளவு பெரிய தொட்டி, எத்தனை புழு வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தீவனத்தைப் பொறுத்துக் கூடும் குறையும், வளர்ந்த முயல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிராம் புழுக்கை என்று வைத்தால் நான்குக்கு 600 கிராம். ஒரு கிலோ புழு நாளுக்குச் சுமார் அரை கிலோ தின்னும். ஒரு கிலோவில் தொடங்குங்கள், இரண்டு மூன்று மாதத்தில் பெருகி மீதியையும் பார்த்துக்கொள்ளும்.

தொட்டி மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி உயரம் போதும். ஆழம் கூட்டுவதில் பயனில்லை, இந்தப் புழுக்கள் மேல்மட்டத்தில்தான் மேயும். அடியில் பென்சில் கனத்தில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போடுங்கள். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்றை ஊற வைத்தால் நான்கு அங்குலப் படுக்கைக்குச் சரியாக இருக்கும். கட்டி உப்பு நீக்கியதா என்று கேட்டு வாங்குங்கள்; இல்லையென்றால் மூன்று தண்ணீரில் அலசுங்கள். உப்பு புழுவுக்கு எமன்.

ஒரு வாரப் புழுக்கையைச் சேர்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து வடித்துப் போடுங்கள். காய்ந்த புழுக்கை தண்ணீரை உதறிவிடும், மேலே தெளித்தால் உள்ளே இறங்காது. உடைத்துப் பார்த்தால் தெரியும்: வெளியே ஈரம், உள்ளே வைக்கோல் துகளாகப் பசுமஞ்சள் நிறத்தில் காய்ந்தே கிடக்கும். இந்த வாரம் தொட்டியின் வலப்பாதியில் ஓரங்குலம், அடுத்த வாரம் இடப்பாதியில். புழு ஒதுங்கி நிற்க எப்போதும் ஓர் இடம் இருக்கும்.

கேள்வி: ஊட்டியில் இருக்கிறோம். சமவெளியிலிருந்து வாங்கி வந்த புழு ஏன் பெருகவில்லை?
– வாசகி, உதகை

பதில்: நீங்கள் வாங்கியது பெரும்பாலும் யூட்ரிலஸ் என்ற ஆப்பிரிக்கப் புழுவாக இருக்கும். சமவெளி வெப்பத்தில் வேகமாக வளரும், குளிர் ஒத்துக்கொள்ளாது. மலைக்கு ஐசீனியா ஃபெடிடா என்ற சிவப்புப் புழுதான் ஏற்றது.

கேள்வி: தொட்டியில் எறும்பு மொய்க்கிறது. எறும்புப் பொடி போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடவே கூடாது, புழுவும் சேர்ந்து சாகும். எறும்பு வருகிறது என்றால் படுக்கை காய்ந்திருக்கிறது, அல்லது வெல்லத் தண்ணீர் தெளித்திருக்கிறீர்கள். தொட்டியைக் கால் வைத்த மேடையில் ஏற்றி, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கொசு முட்டையிடாமல் இருக்கக் கிண்ணத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

கேள்வி: முயலுக்குச் சொறி வந்து ஐவர்மெக்டின் ஊசி போட்டோம். அதன் எருவைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: புழுத்தொட்டிக்கு வேண்டாம். புழு பூச்சிகளைக் கொல்லும் அந்த மருந்து சாணத்தோடுதான் பெரும்பாலும் வெளியேறும். ஊசி போட்ட நாளிலிருந்து மூன்று வார எருவைத் தனியாக மண்ணோடு கலந்து சாதாரணக் குழியில் மக்க விடுங்கள்.

கேள்வி: தொட்டியின் அடியில் கறுப்புத் தண்ணீர் வடிகிறது. இதுதான் செடிக்குத் தெளிக்கும் மண்புழுக் குளியல் நீரா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, அது நீங்கள் அதிகமாக ஊற்றிய தண்ணீர். அரைகுறையாக மக்கியதன் சாறும் அதில் இருக்கும். நன்றாக நீர்த்துப் பூச்செடிக்கு மட்டும் விடுங்கள், கீரைக்கு வேண்டாம். படுக்கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும். தாரையாக வடிந்தால் ஒரு வாரம் தண்ணீரே காட்டாதீர்கள், காய்ந்த நார்க்கழிவைக் கலந்துவிடுங்கள்.

கேள்வி: உரத்தை அள்ளும்போது முட்டையும் போய்விடுமே, என்ன செய்வது?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஐம்பது அறுபது நாளில் புழுக்கை உருவம் தெரியாமல் காபித் தூள் போல ஆகிவிடும். அள்ளுவதற்கு நான்கு நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். வெளிச்சமான இடத்தில் சாக்கில் கொட்டிக் கூம்பாகக் குவித்தால் புழு அடிக்கு இறங்கும். கால் மணிக்கு ஒருமுறை மேலிருந்து கையால் வழித்தெடுத்துச் சலியுங்கள். முட்டைக்கூடு கொத்தமல்லி விதையைவிடச் சிறியது, எலுமிச்சம்பழ வடிவம், மஞ்சளில் தொடங்கிப் பழுப்பாகும். சல்லடைக் கண்ணில் நிற்காது. அதனால் சலித்த உரத்தை உடனே பயன்படுத்தாமல், லேசான ஈரத்தோடு மூன்று வாரம் நிழலில் வையுங்கள். பொரிந்து வரும் குஞ்சுகளைப் பிடிக்க, வெங்காயம் வரும் வலைப்பையில் பழத்தோலைப் போட்டு உரத்துக்குள் புதைத்து, ஐந்தாறு நாள் கழித்து வெளியே எடுங்கள். நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பையோடு அப்படியே தொட்டியில் வைத்துவிடலாம்.