ஃப்ளாஷ் மின்னவில்லையா? கேள்வி-பதில்

கேள்வி: ரிசப்ஷனில் எடுத்த படங்களில் பாதி கறுப்புப் பட்டையாக விழுந்திருக்கிறது. புது ஃப்ளாஷ். திருப்பிக் கொடுத்துவிடலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் திரை) ஸ்பீடு 1/200 நொடியைத் தாண்டியிருக்கும்; அந்தத் திரை மறைத்த இடம்தான் பட்டை. 1/160-ல் வைத்து எடுங்கள்.

கேள்வி: கேனான் 200டி மார்க் 2 கேமராவோடு, அதே கடையில் 3,200 ரூபாய்க்கு வேறு கம்பெனி ஃப்ளாஷ் வாங்கினேன். "எல்லா கேமராவுக்கும் போகும் மேடம்" என்றார்கள். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மின்னுகிறது. படம் எடுத்தால் மின்னுவதில்லை. கேட்டால், "கேமராவில்தான் கோளாறு, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். எனக்கு வந்த முதல் ஆர்டரே கையைவிட்டுப் போய்விட்டது. (திருநெல்வேலி வாசகி)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, அம்மா. கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கவேண்டிய வட்டமான உலோகப் புள்ளி இருக்காது. ஷட்டர் திறந்ததும் 'மின்னு' என்ற உத்தரவு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும். ஒரு கம்பெனியின் ஃப்ளாஷை இன்னொரு கம்பெனி கேமராவில் மாட்ட முடிந்ததே அதனால்தான். 2018-ல் வந்த 3000டி, 2019-ல் வந்த 200டி மார்க் 2 போன்ற மாடல்களில் கேனான் அதை எடுத்துவிட்டது. அவர்களுடைய சொந்த ஃப்ளாஷ், பக்கத்திலுள்ள சிறு புள்ளிகள் வழியே வேலை செய்யும். நடுப்புள்ளியை மட்டும் நம்பியிருக்கும் மலிவு ஃப்ளாஷ் ஊமையாகிவிடும். குறைந்த முதலில் தொழில் தொடங்குகிறவர்கள் வாங்கும் கேமராவில் போய் இப்படிச் செய்தார்களே என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை. அதைவிடக் கோபம், தினமும் இதே கேமராவை விற்றுக்கொண்டு 'எல்லாவற்றுக்கும் போகும்' என்கிற கடைகள் மேல்.

இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. கேமராவும் ஃப்ளாஷும் ஒரே பில்லில் இருந்தால் அதுவே உங்களுக்குப் பெரிய சாட்சி. முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். விடாதீர்கள்.

கேள்வி: தேரோட்டத்தை மொட்டை மாடியிலிருந்து ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். எல்லாம் இருட்டு. (கும்பகோணம் வாசகர்)

பதில்: கேமராவோடு வரும் ஃப்ளாஷின் வெளிச்சம் மூன்று, நான்கு மீட்டர்தான் எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, கேமராவில் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவை) கூட்டுங்கள்.

கேள்வி: போனில் விளம்பரம் பார்த்து, முன்பணம் கட்டிப் பழைய ஃப்ளாஷ் வாங்கினேன். பில் இல்லை. வேலை செய்யாததால் வீடியோ பார்த்துக் கழற்றினேன், ஷாக் அடித்தது. (ஈரோடு வாசகர்)

பதில்: பார்க்காத பொருளுக்குப் பணம், பில்லும் இல்லை, அதன்மேல் ஸ்குரூடிரைவர் வேறா? உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் நிற்கும். பேட்டரியைக் கழற்றினாலும் உடனே போகாது. இனி தொடாதீர்கள்.

கேள்வி: ஃப்ளாஷ் ஒருமுறை அடித்தால் மறுபடி தயாராகப் பதினைந்து நொடி ஆகிறது. (வேலூர் வாசகர்)

பதில்: பேட்டரியைப் பாருங்கள். நானும் ஒருமுறை 4000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று அச்சிட்டிருந்த ரீசார்ஜ் பேட்டரிகளை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினேன். அண்ணன் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் ஃப்ளாஷ் எழவே இல்லை. அந்தப் படம் எங்கள் வீட்டில் இன்றுவரை கிடையாது. டபுள் ஏ அளவு நிக்கல் பேட்டரியில் 2800-க்கு மேல் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். நான்கும் ஒரே கம்பெனியாக, ஒரே சமயத்தில் வாங்கியதாக இருக்கட்டும். முந்தின இரவே சார்ஜ் போட்டு, இன்னொரு செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள்.