காயலான் கடையில் கார் உதிரிபாகம் வாங்கலாமா? எதை வாங்கலாம்?

விபத்தில் சிக்கிய அல்லது ஆயுள் முடிந்த கார்களைப் பிரித்து, நல்ல பாகங்களைத் தனியே விற்பதுதான் காயலான் கடை வியாபாரம். சென்னையில் இதற்குப் பெயர்போன இடம் புதுப்பேட்டை.

கதவு, கண்ணாடி, ஹெட்லைட், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட் (இன்ஜினில் ஓடும் ரப்பர் பட்டை), சீட் பெல்ட், ஏர்பேக் வேண்டவே வேண்டாம். காரணம் எளிது: உலோகமும் கண்ணாடியும் சும்மா கிடந்தால் பெரிதாகக் கெடாது, ரப்பரில் வயதாலேயே வெடிப்பு விழும், உராயும் பாகம் தேய்ந்தே வந்திருக்கும். இடிக்கிற வீட்டிலிருந்து தேக்குக் கதவை வாங்குவோம், பழைய ஒயரை வாங்குவோமா?

ஆல்டர்னேட்டர் என்றால் புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. மாட்டியபின் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். வராவிட்டால் மாற்றித் தரும்படி பில்லிலேயே எழுதி வாங்குங்கள். முழு இன்ஜின் வாங்கினால், எண் ராவப்பட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். மாற்றுவதற்கு முன் ஆர்டிஓ அனுமதி பெற்று, புது எண்ணை ஆர்சியில் ஏற்றவும் வேண்டும்.

‘அதே மாடல் கார்தானே, பொருந்திவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு: ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு பாகம் மாறும், ஆகவே உங்கள் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அதன் எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.