ஏற்காட்டில் அழுதவர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சபையில் வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறேன். பட்டியலில் 26 பேர். வருஷா வருஷம் மே மாதம் ஏற்காட்டில் மூன்று நாள் முகாம். கடைசி இரவு ஒருவர் பாக்கியில்லாமல் அழுது ஒப்புக்கொடுக்கிறார்கள். ஆகஸ்ட் வருவதற்குள் எல்லாம் பழையபடி. போன வருஷம் 40 வாரச் சீஷத்துவப் பாடம் தொடங்கினோம். ஒன்பதாவது வாரத்தில் நான்கு பேர்தான் மிஞ்சினார்கள். பாதிப் பேருக்குப் பெங்களூரில் வேலை. வெள்ளி இரவு பஸ் ஏறி வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடுகிறார்கள். மில்லில் ஷிப்ட் பார்க்கிறவர்களும் உண்டு. சேலம் குகைப் பகுதியிலிருந்து வரும் இரண்டு தங்கைகளின் வீட்டில் அவர்கள் மட்டும்தான் விசுவாசிகள். தினமும் வாட்ஸப்பில் வசனம் அனுப்புகிறேன். பதிலுக்குக் கைகூப்பும் படம் வருகிறது. காலம் மாறிவிட்டது, நாங்கள் வளர்ந்த முறை இவர்களிடம் எடுபடவில்லை. எங்கே தவறு?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். அந்த அழுகையைச் சந்தேகிக்க வேண்டாம். அது உண்மையானதுதான். மலையிலிருந்து இறங்கிய திங்கட்கிழமை காலையில் அவர்களிடம் யார் என்ன கேட்டார்கள் என்பதே நான் உங்களிடம் கேட்க விரும்புவது. உங்கள் கடிதத்தில் பாடம் இருக்கிறது, முகாம் இருக்கிறது, வசனம் இருக்கிறது. ‘போன வாரம் சொன்னதைச் செய்தாயா?’ என்று கேட்கும் ஆள் எங்கும் இல்லை.

மத்தேயு 28:20ஐ நிதானமாக வாசியுங்கள். கட்டளையிட்ட யாவையும் ‘கைக்கொள்ளும்படி’ உபதேசம்பண்ணுங்கள் என்கிறார் ஆண்டவர். தெரிந்துகொள்ளும்படி என்று அவர் சொல்லவில்லை. நம்முடைய பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விடுகின்றன. வாரம் ஒரு தலைப்பு ஏறிக்கொண்டே போகிறது, முந்தின வாரத்துத் தலைப்பு என்ன ஆனது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்பதாவது வாரத்தில் ஆள் குறைவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. செய்யாத எட்டு காரியங்களின் பாரம் மனதில் ஏறியிருக்கும். அதைச் சொல்ல இடமும் இருக்காது. வராமல் நின்றுவிடுவது சுலபம்.

பழைய சபை இதை அறிந்திருந்தது. ஆதிச் சபைத் தலைவர் இப்போலித்து எழுதியதாகச் சொல்லப்படும் ‘அப்போஸ்தலப் பாரம்பரியம்’ என்ற பழைய ஒழுங்குமுறை, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர் மூன்று ஆண்டு உபதேசம் கேட்க வேண்டும் என்கிறது. ஆனால் கருத்தாய் நடக்கிறவருக்குக் காலத்தைப் பார்க்காமல் நடக்கையைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. கடைசியில் விசாரிக்கும் கேள்விகள் இவை: விதவைகளைக் கனம்பண்ணினார்களா, வியாதியஸ்தரைப் போய்ப் பார்த்தார்களா, நற்கிரியைகளைச் செய்தார்களா. பதிலைச் சொல்வது அவர்களை அழைத்துவந்தவர்கள். கூடவே இருந்து பார்த்தவர் ஒருவர் இருந்தால்தான் அந்தச் சாட்சியைச் சொல்ல முடியும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ‘வகுப்புகள்’ என்ற சிறு குழுக்கள் 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உருவானதும் இப்படித்தான். கூடுகைக் கட்டடத்தின் கடனை அடைக்க, ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் வாரம் ஒரு பென்னி வசூலிக்க வீடுவீடாகப் போனார். போன இடத்தில் குடியும் சண்டையும் கண்ணில் பட்டன. வசூலுக்குப் போனவர் மேய்ப்பராக வேண்டியதாயிற்று. வாட்ஸப் குழுவில் இதற்கு வழியில்லை. வீட்டு வாசற்படி அதில் தெரியாது.

நான் சொல்வது இதுதான்: மூன்று பேர். நீங்களும் இன்னும் இருவரும். இருவர் மட்டும் என்றால் ஒன்று வெறும் நட்பாகிவிடும், இல்லை ஒருவர் மற்றவரை ஆளத் தொடங்குவார். ஐந்து ஆறு பேர் என்றால் ஒருவர் பேசாமலே ஒளிந்துகொள்ளலாம். ஆண்கள் ஆண்களோடும், பெண்கள் ஒரு மூத்த சகோதரியோடும் இருக்கட்டும். 26 பேரையும் இப்போதே பிரித்துவிடாதீர்கள். அது இன்னொரு திட்டமாகிச் சாகும். தாகமுள்ள இருவரோடு தொடங்குங்கள். ஓராண்டு கழித்து மூவரும் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டால் ஒன்பது. அடுத்த ஆண்டு 27. உங்களையும் சேர்த்து உங்கள் பட்டியல் அவ்வளவுதான். நடப்பில் கணக்கு இவ்வளவு நேராக வராது. சில குழுக்கள் நின்றுபோகும். பவுல் 2 தீமோத்தேயு 2:2இல் காட்டும் வழி இதுவே. பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் என்று நான்கு தலைமுறை அந்த ஒரே வசனத்தில் இருக்கிறது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே தெரு, ஒரே உறவு, ஒரே சாதி என்று மூவரையும் அமைத்துவிடாதீர்கள். நம் சபைகளில் கவனிக்காமல் விட்டால் அது தானாக அப்படித்தான் அமையும். அமைந்துவிட்டால் சுவிசேஷம் தொடவேண்டிய முதல் இடத்தையே அந்தக் குழு தொடாது.

சந்திப்பு வாரம் ஒருமுறை, 75 நிமிடம். முதல் 20 நிமிடம் போன வாரத்துக் காரியம்: செய்தேன், செய்யவில்லை, பாதி செய்தேன். செய்யாதவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், ‘எது தடுத்தது?’ என்று மட்டும் கேளுங்கள். அதைக் கேட்காமல் விட்டால் மீதி 55 நிமிடமும் வீண். அடுத்த 30 நிமிடம் வேதம். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். மொத்தம் 678 வசனங்கள், வாரத்துக்கு 13 என்றால் ஓராண்டில் முடியும். ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். இரண்டு நிமிடம் அமைதி. மற்றவர் மறுபடி வாசிக்கட்டும். பிறகு வேதத்தை மூடிவிட்டு மூன்றாமவர் நடந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். சொல்லத் தெரியாதபோதுதான் நாம் கவனிக்காமல் வாசித்தது வெளிப்படும். விளக்கவுரை எதுவும் கையில் வேண்டாம். நீங்களும் பிரசங்கிக்க வேண்டாம். இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அடுத்த 10 நிமிடம் ஆளுக்கு ஒரு காரியத்தை எழுதிக்கொள்ள. கடைசி 15 நிமிடம் ஜெபம், ஒருவருக்காக மற்றவர்.

எழுதும் அந்தக் காரியத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ‘கோபத்தை விடுவேன்’, ‘ஜெபத்தில் வளருவேன்’ என்று எழுதினால் அடுத்த வாரம் கேட்க ஒன்றும் இருக்காது. இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரிவசூலிப்பவன் சகேயுவைப் பாருங்கள்: ஆஸ்தியில் பாதி, அநியாயமாய் வாங்கினதில் நாலத்தனை. கணக்காகச் சொன்னான். அதுபோல, ‘இந்த வாரம் மூன்று இரவு அம்மா உட்காரும்வரை நானும் சாப்பிட மாட்டேன்’, ‘அண்ணனிடம் வாங்கிய 4,000 ரூபாயில் 1,000 ரூபாயைச் சனிக்கிழமை கொடுப்பேன்’ என்று எழுதட்டும். சின்னதாக இருக்கட்டும், ஆனால் எத்தனை முறை, யாரிடம், எந்த நாள் என்பது தெரிய வேண்டும்.

பெங்களூர்ப் பிள்ளைகளோடு மாதம் இரண்டு சனிக்கிழமை நேரில், மற்ற வாரங்களில் போனில். எல்லா வாரமும் போனிலேயே என்றால் நிலைக்காது. முகத்தைப் பார்த்தால்தான் தெரியும் காரியங்கள் உண்டு. ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு ‘காலை ஐந்து மணி’ என்று சட்டம் போடாதீர்கள். நேரத்தோடு கட்டாமல் செயலோடு கட்டுங்கள். திதாகே என்ற ஆதிச் சபைக் கையேடு கர்த்தருடைய ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. வேலையில் நுழையுமுன், சாப்பாட்டுக்கு முன், படுக்குமுன் என்று வைத்தால் எந்த ஷிப்டுக்கும் பொருந்தும். ஒரு முறைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. காகித வேதத்தைக் கையில் கொடுங்கள். போனில் வேதம் திறந்தால் மேலே செய்தி வந்து விழுகிறது, விரல் அங்கே போகிறது. தினசரி வசனம் அனுப்புவதை நிறுத்திவிடலாம். வசனத்தை அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதி உங்களுக்கு, பார்த்துவிட்டோம் என்ற நிம்மதி அவர்களுக்கு. இரண்டுமே இப்போது இடைஞ்சல்.

குழு கெட்டுப்போவது பெரும்பாலும் நாக்கினால். யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. ஆனால் நம் ஊரில் ரகசியம் ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் சபை முழுக்கப் பரவிவிடும். மூவருக்குள் சொன்னது மனைவிக்கும் போகக் கூடாது, ஆயருக்கும் போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள். இரண்டு விலக்குகளையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும், ஒரு குழந்தைக்குக் கேடு நடக்கிறது என்றாலும் அது ரகசியமாக இருக்க முடியாது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தைத் தெரிவிக்காமல் விடுவது போக்சோ சட்டப்படியே குற்றம்; உதவிக்கு 1098 எண் உண்டு. சபையின் பெயர் கெடும் என்று இதை மூடுகிறவர் மேய்ப்பரல்ல.

இன்னொரு ஆபத்து நீங்களேதான். யாரைக் கட்டுவது, எந்த வேலைக்குப் போவது என்று உங்களைக் கேட்டு முடிவெடுக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். கலாத்தியர் 4:19இல் பவுல் படும் வேதனை ‘கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும்’. உங்கள் சாயல் உருவாக அல்ல. நன்றாகப் பாடுகிறான் என்று ஆறே மாதத்தில் ஆராதனை நடத்த மேடையேற்றுவதும் வேண்டாம். 1 தீமோத்தேயு 3:6 ‘நூதன சீஷன்’ பற்றிச் சொல்லும் எச்சரிப்பு கண்காணிகளுக்கு மட்டுமானதல்ல.

குகைத் தங்கைகளின் காரியம் வேறு. அவர்களுக்கு வெளியிலிருந்து கட்டளைப் பட்டியல் போடாதீர்கள். ஆடி மாதத்தில் அந்தத் தெருவே திருவிழா, அலங்கரித்த வண்டிகள் ஊர்வலம் போகும் வண்டி வேடிக்கைக்கு உறவெல்லாம் வந்து இறங்கும். ‘வீட்டை விட்டு வந்துவிடு’ என்றோ ‘அம்மா சமைத்ததைத் தொடாதே’ என்றோ சொல்கிறவர் அந்த வீட்டில் வாழப்போவதில்லை. 1 கொரிந்தியர் 10இல் பவுல் நிதானமாகப் பேசுகிறார்: முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு, படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவருக்காக விட்டுவிடு. அதையும் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும். விருந்து நாளில் பாத்திரம் கழுவவும் தண்ணீர் எடுக்கவும் முதல் ஆளாக நிற்கட்டும். ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்தாதீர்கள், கேள்வி கேட்கவும் மறுக்கவும் அவர்களுக்கு இடம் இருக்கட்டும். ஒரு சகோதரி மாதம் ஒருமுறையாவது அவர்கள் வீட்டுக்குப் போய், பெற்றோர் முன்னிலையில் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். மறைத்துச் செய்யும் சீஷத்துவம் பெற்றோரின் சந்தேகத்தையே வளர்க்கும்.

முகாமை நிறுத்த வேண்டாம். மே மாதத்தை மட்டும் விடுங்கள். கோடை விழாக் கூட்டத்தில் ஏற்காட்டில் அமைதி கிடைக்காது. செய்திகளை நான்காகக் குறைத்து, ஒரு காலை மூன்று மணி நேரத்தை முழு மௌனத்துக்கு ஒதுக்குங்கள். போன்களை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுங்கள். மாலையில் எம்மாவு வழியில் போனவர்களைப் போல இருவர் இருவராக ஒரு மணி நேரம் காப்பித் தோட்டப் பாதையில் நடக்கட்டும். போகும்போது ஒருவர் பேச, திரும்பும்போது மற்றவர். கடைசி இரவு ஒப்புக்கொடுக்கும் அழைப்பை வைக்காதீர்கள். தூக்கமில்லாத கண்ணும் கிட்டாரும் சேர்ந்து எடுக்க வைக்கும் தீர்மானம் இருபதாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும்கூடத் தாங்காது. அந்த அழைப்பைப் பத்து நாள் கழித்துச் சேலத்தில், வேலை முடிந்து வந்த களைப்போடு இருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் கொடுங்கள். கை தூக்குகிறவர் குறைவாக இருப்பார்கள். அடுத்துச் சேர்க்கும் ஆட்களை அவர்களிலிருந்து எடுங்கள்.

அடுத்த முகாம் வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்களோடு கடைசிவரை வந்த நான்கு பேர் இருக்கிறார்களே, அவர்களில் இருவரிடம் இந்த வாரமே பேசுங்கள். முதல் பகுதி மாற்கு 1:1 முதல் 13 வரை. ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா போதும்.