வெண்ணெய்ச் சீட்டில் பெயர் வேண்டுமா?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆணையம், நாடாளுமன்றம், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சில் என்று மூன்று அமைப்புகள் சேர்ந்து சட்டம் இயற்றுகின்றன, அதுவும் 24 மொழிகளில். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஊர் கூடி ஒரு வாக்கியம் எழுத முடியுமா? சட்டத்தின் தரத்துக்காகத் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்களாமே, அதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு. சட்ட மொழிபெயர்ப்பே என் பிழைப்பு என்பதால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

1969இல் தேங்கிக் கிடந்த வெண்ணெயை, அரசு உதவியில் வாழ்பவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்க ஆணையம் முடிவு செய்தது. வாங்குபவர் ஒரு சீட்டைக் காட்ட வேண்டும். ஜெர்மன் வாசகத்தின்படி சீட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். பிரெஞ்சு வாசகமோ, சீட்டு இன்னாருக்கு உரியது என்று தெரிந்தால் போதும் என்றது. தன் வறுமையைக் கடைக்காரருக்குப் பெயரோடு சொல்ல வேண்டியிருக்கிறதே என்று ஜெர்மனியின் உல்ம் நகரத்துக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். ஸ்டாடர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். ஒரு மொழி வாசகத்தை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது, எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும், பெயர் கட்டாயமில்லை என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது இருந்தவை நான்கே மொழிகள்!

இப்படிப்பட்ட சிக்கல்களை எழுதும்போதே தவிர்க்கத்தான், 1998 டிசம்பர் 22 அன்று மூன்று அமைப்புகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதில் 22 நெறிகள் இருக்கின்றன. தெளிவாக, எளிமையாக, துல்லியமாக எழுது என்பது முதல் நெறி. எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. ஒரு நாட்டுச் சட்டத்துக்கே உரிய சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். அடுத்தது, ஒரு பொருளுக்கு ஒரே சொல். இரண்டாவதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடகை ஒப்பந்தத்தை மொழிபெயர்த்தபோது, திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஓரிடத்தில் ‘வாடகைதாரர்’ என்றும் இன்னோரிடத்தில் ‘குடியிருப்பவர்’ என்றும் எழுதிவிட்டேன். “இவர்கள் இரண்டு பேரா?” என்று கேட்டார் கையெழுத்திட வந்தவர். அழகுக்காகச் சொல்லை மாற்றுவதை அன்றோடு விட்டேன்.

அந்த ஒப்பந்தத்தையொட்டி மூன்று அமைப்புகளின் சட்டப் பிரிவுகளும் சேர்ந்து ஒரு வழிகாட்டியும் தயாரித்தன. இது ஏன் அவசியம் என்றால், வரைவை எழுதுவது ஆணையம். அதைத் திருத்துவது நாடாளுமன்றமும் கவுன்சிலும். மூன்று அமைப்புகளும் உட்கார்ந்து பேசும் முத்தரப்புப் பேச்சு இரவு வெகுநேரம் நீண்டு, நாடாளுமன்றமும் கவுன்சிலும் ஏற்கும் ஒரு சொல் எப்படியோ கிடைக்கும். அது இரண்டு பொருள் தருவதால்தான் இருவருமே ஏற்றிருப்பார்கள்! அப்புறம் அந்த வாசகம் அந்த இரு அமைப்புகளின் சட்டமொழி வல்லுநர்களிடம் போகும். அவர்கள் 24 மொழிகளையும் ஒத்துப் பார்ப்பார்கள்; ஆனால் உள்ளடக்கத்தில் கை வைக்க முடியாது. பேச்சு மேசையிலேயே அவர்களுக்கு ஒரு நாற்காலி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே மூன்று அமைப்புகள் 2016 ஏப்ரல் 13 அன்று செய்துகொண்ட ஒப்பந்தம் இன்னும் விரிவானது. சட்டத்தின் விளைவுகளை முன்கூட்டியே மதிப்பிடுவது, ஆண்டுதோறும் முன்னுரிமைகளைச் சேர்ந்து அறிவிப்பது எல்லாம் அதில் வரும். நல்லவைதான். ஆனாலும் என் மனம் வாக்கியங்களின் பக்கமே போகிறது.

கேள்வி: 24 மொழிகளில் எது மூலம்?

பதில்: எல்லாமே மூலம்தான், எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு. அதனால்தான் ஒரு மொழியில் பிழை வந்தாலும் அதிகாரபூர்வமாகத் திருத்தம் வெளியிட வேண்டியிருக்கிறது. ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே (GDPR) பாருங்கள். 99 பிரிவுகள், அவற்றுக்கு முன்னால் சட்டத்தின் காரணங்களைச் சொல்லும் 173 முன்னுரைப் பத்திகள். 2016இல் நிறைவேறிய அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2018 மே 25. அதற்கான நீண்ட பிழைதிருத்தம் ஒன்று அரசிதழில் வெளியானது மே 23 அன்று. இடையில் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதற்குள் பழைய வாசகத்தை வைத்துத் தயாரான நிறுவனங்கள் எத்தனை இருந்திருக்கும்!