பழைய காரின் பக்கக் கண்ணாடிகளுக்கு நாமே ஹீட்டர் பொருத்தலாமா?

மாஞ்சோலைப் பனிமூட்டத்தில், பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க உதவும் பக்கக் கண்ணாடிகள் மங்கிவிடுகின்றன, பழைய காரில் ஹீட்டர் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கண்ணாடியின் முதுகில் ஒட்டும் 12 வோல்ட் ஹீட்டர் தகடுகள் கிடைக்கின்றன. கண்ணாடியைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டுங்கள். குமிழ் நின்ற இடம் மட்டும் அதிகமாகச் சூடேறித் தகடு கருகிவிடலாம்.

பொறுமை கேட்கும் வேலை வயரிங்தான். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள்ளேயே வயரை நுழையுங்கள். வெளியே விட்டால், கதவைச் சாத்தும்போதெல்லாம் நசுங்கி ஒருநாள் ஷார்ட் ஆகும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து, ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தனி ஃபியூஸும் வைத்து எடுங்கள், பேட்டரி இறங்காது.

குற்றாலச் சாரலிலும் இது கைகொடுக்கும். ஆனால் கதவின் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவிக்கு ஏசியைத்தான் போட வேண்டும்.